சோமனூர்க் கூட்டத்து நீலம்

கூண்டுக் கதவைத் திறக்கும் முன் குமாரசாமி ஒரு முறை இருமுவார். உள்ளே புதுச் சோடி இருந்தால் இரண்டு முறை. லவ் பேர்ட்ஸ் ஆனாலும் குடித்தனம் குடித்தனம்தான் என்பது அவர் கட்சி.

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுவது தொழில். எரிந்த காயிலை முகர்ந்தே, தண்ணீர் இல்லாமல் ஓட்டினார்களா, வோல்டேஜ் குறைவா என்று சொல்லிவிடுவார். வயர் முனைகளில் செருகும் கலர் ஸ்லீவ் குழாயில் மிஞ்சியதைத் துண்டு துண்டாக நறுக்கி, குஞ்சுகளின் காலில் வளையமாக மாட்டுவார். சோமனூரில் வாங்கிய பறவையின் வாரிசுகளுக்குச் சிவப்பு. அவிநாசி வாரிசுகளுக்கு மஞ்சள்.

"செவப்பு சோமனூர்க் கூட்டமுங்க. மஞ்ச, அவிநாசிக் கூட்டம்."

அவருடைய சொந்தபந்தத்தில் ஒரே கூட்டத்தார் என்றால் அண்ணன் தங்கை முறை. அதற்குள் யாரும் பெண் எடுப்பதில்லை. பறவைக்கு மட்டும் சலுகை கொடுக்கக் குமாரசாமி யார்?

சோமனூரிலிருந்து வந்த முதல் ஆண், நீலம். சொட்டு நீலம் கூடிப்போன வேட்டியின் நிறம். தெருவுக்குக் கேபிள் டிவி வந்த வருசம் அது. டிவி பார்க்கப் போனவர்களைவிட இதைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். பச்சைப் பெட்டையோடு சேர்ந்து அத்தனையும் பச்சைக் குஞ்சுகளாகப் பெற்றது. ஒரு நாள் மனைவி சின்னாத்தாள் தினைக் கிண்ணத்தை எடுக்கக் கதவைத் திறந்தபோது நீலம் பறந்துவிட்டது. குமாரசாமி திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து குழம்பில் உப்பு கூடினாலும், பால் பொங்கி வழிந்தாலும், "உடு அம்மணி, பறந்து போனதயே உட்டாச்சு" என்பார். அவளுக்குத் திட்டே தேவலாம் என்றிருந்தது.

டவுன்ஹால் பக்கம் பறவைக் கடை வைத்திருக்கும் முஸ்தபாதான் விசயத்தை விளக்கினார். குஞ்சுக்கு அப்பனிடமிருந்து ஒரு நிறம், ஆத்தாளிடமிருந்து ஒரு நிறம். ஒரு பக்கம் பச்சை வந்துவிட்டாலே நீலம் உள்ளே பதுங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் நீலம் வந்தால்தான் வெளியே தெரியும்.

குமாரசாமிக்கு உடனே பிடிபட்டது. சோமனூர்ப் பசங்க அத்தனை பேருக்குள்ளும் நீலம் ஓடுகிறது என்று பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். பிறகு அந்தப் பசங்களை, முறை தவறாமல், மஞ்சள் வளையத்துப் பெண்களுக்கே கட்டிவைத்தார். இரண்டு வருசமாகப் பச்சையைத் தவிர வேறு பொரிக்கவில்லை.

முஸ்தபா சிரித்தார். "செவப்புக்குச் செவப்பப் போடுங்கண்ணே. நாலுல ஒண்ணு நீலமா வரும்."

"ஏனுங்க பாய், பேசற பேச்சுங்களா இது? அதுக அண்ணன் தங்கச்சி." பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் வந்து பொருமியதைச் சின்னாத்தாள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அடுத்து அவர் மில் வேலையாகத் திருப்பூரில் தங்கிய நாட்களில், ஒரு சோமனூர்ப் பையனின் கூண்டிலிருந்த மஞ்சள் வளையப் பெட்டையை எடுத்துவிட்டுச் சிவப்பு வளையப் பெட்டையை விட்டாள். திரும்பி வந்தவர் பார்த்தபோது, கூண்டில் தொங்கவிட்ட பானைக்குள் முட்டை. அடைகாப்பதைப் பிரிப்பது பாவம். அந்தக் கூண்டின் முன் இருமுவதை மட்டும் நிறுத்திவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோவார்.

"வளையம் மாட்டுனது நீங்கதானுங்க," என்றாள் சின்னாத்தாள். "சாமி மாட்டியுடல."

பானை வாயில் முதலில் எட்டிப் பார்த்தது பச்சை. அடுத்ததும் பச்சை. மூன்றாவது தலை நீட்டியபோது அவள் பட்டறைக்குப் போய் அவரைக் கூட்டிவந்தாள்.

சொட்டு நீலம்.

குமாரசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பட்டறைக்குப் போய்க் கத்திரியும் மஞ்சள் ஸ்லீவ் துண்டும் எடுத்துவந்தார். கூண்டின் முன் நின்று இரண்டு முறை இருமினார். தாய்ப் பறவையை மெல்லப் பிடித்து, காலிலிருந்த சிவப்பை நறுக்கி எறிந்துவிட்டு மஞ்சளை மாட்டினார்.