பிரபுவுக்காக வளர்ந்த நாய்

என் அக்கா சாவித்திரியைப் பற்றிக் கேட்டால், நாய்க்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைத்தவள் என்றுதான் ஊரில் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும். பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் ஒற்றைப் பொம்பளையாக நின்று ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர் நிலத்தில் குறுவை, தாளடி என்று ரெண்டு போகமும் எடுத்தவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மேகலா வாயைக் கிளறாதே என்பார்கள். அக்காவோ எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவள்.

அத்தான் போய்ச் சேர்ந்தபோது அவள் மகன் பிரபு காலேஜில் இருந்தான். படிக்க வைத்துக் கனடாவுக்கும் அனுப்பினாள். போனவன் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் பேசுவான். "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, சரி வைக்கட்டுமா?" தீர்ந்தது. அவன் வைத்த பிறகும் அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு, அங்கே பார்க்கில் ஒரு பக் நாயைப் பார்த்தேன் என்றான். சின்ன வயதில் அந்தச் சுருக்க மூஞ்சி நாய் டிவி விளம்பரத்தில் வந்தால் போதும், வாங்கிக் கொடு என்று தரையில் புரளுவான். "அது வயல்ல எலி பிடிக்குமா?" என்று கேட்டே அத்தான் காலத்தை ஓட்டிவிட்டார். "இப்பவும் வாங்க முடியாதும்மா, வீட்டுக்காரன் விடமாட்டான்" என்று சிரித்தான் பிரபு. உனக்காக நானே இங்கே வளர்க்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, மறுவாரமே அக்கா என்னை இழுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள்.

எப்படிப் பார்த்து எடுக்க வேண்டும் என்று பிரபு விவரமாகச் சொல்லித்தான் விட்டிருந்தான். மூக்குத் துளை அகலமாக இருக்க வேண்டும், மூச்சு சத்தமில்லாமல் வர வேண்டும், மடிப்புக்குள்ளே விரலை விட்டுப் பார்த்தால் சிவப்போ நாற்றமோ இருக்கக் கூடாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். குட்டி விற்கிற வீட்டுக்குப் போனதும், மூலையில் கர்ர் கர்ர் என்று இழுத்துக்கொண்டு கிடந்த ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். விற்கிறவரே, "வேற பாருங்கம்மா" என்றார்.

"ஏன்க்கா, காது அடைச்சுப் போச்சா உனக்கு? மூச்சைக் கேளு" என்றேன்.

"பிரபுவுக்கும் சின்னப்புள்ளையில இப்படித்தான்டி நெஞ்சு இழுக்கும்" என்றாள்.

அந்தக் குட்டிதான் வீட்டுக்கு வந்தது. லட்டு என்று பெயர் வைத்தவன் பிரபு.

வந்த முதல் சனிக்கிழமையே எண்ணெய்க் குளியல். ஆண்பிள்ளைக்குச் சனிக்கிழமைதானே! நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மடிப்புகளுக்குள் நின்ற எண்ணெய் போகவே இல்லை. கொஞ்ச நாளில் முகமெல்லாம் புண். கும்பகோணத்தில் மாட்டு டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எண்ணெயும் வேணாம், பவுடரும் வேணாம். மடிப்புக்குள்ள ஈரம் நிக்காம தினமும் தொடைங்க, போதும். ஒடம்பு போட விடாதீங்க. முக்கியமா வெயில்ல விட்டுடாதீங்க. இதுக்கு மூக்கு சப்பை, சூடு தாங்காது" என்றார். அன்றிலிருந்து அக்கா பிரபுவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்பாக விரித்துத் துடைப்பாள். விடியலில் வாய்க்கால் கரையில் ஒரு நடை. வெயில் ஏறினால் கூடத்தில் ஈரச் சாக்கு.

பழக்கியதுதான் வேடிக்கை. உட்காரு, சாப்பிடு என்பதையெல்லாம் பிரபுவையே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னாள். "உன் நாய்டா அது. நீ வர்றப்ப உன்னையே பாத்துக் குரைச்சா நல்லாவா இருக்கும்? உன் குரல் பழகட்டும்" என்றாள். போனைத் தூக்கிப் பிடித்து அந்தக் குரலைப் போடுவாள். லட்டு உட்கார்ந்தால் ரெண்டு பொட்டுக்கடலை. இவள் சொல்லி உட்கார்ந்தால் கடலை கிடையாது. கடைசியில் இவள் தொண்டை கிழியக் கத்தினாலும் லட்டு திரும்பிப் பார்க்காது, போனில் பிரபு "உட்காருடா" என்றால் பொத்தென்று உட்காரும். அக்காவுக்கு அதில் ஒரே பெருமை.

அவனுக்கும் இது பிடித்துவிட்டது. அங்கே அவன் ரயிலில் வேலைக்குப் போகிற நேரம், இங்கே விளக்கு வைக்கிற நேரம். தினமும் குரல் வந்துவிடும். "லட்டு, உட்காரு. சாப்பிடுடா செல்லம். வீணாக்காம சாப்பிடணும், என்ன?"

"பெத்தவளுக்கு வாரத்துல அஞ்சு நிமிஷம், நாய்க்குத் தினமும் கச்சேரியா?" என்று நான் சத்தம் போட்டேன்.

"யாருக்கு வந்தா என்னடி, வீட்டுக்குள்ள அவன் குரல் கேக்குதுல்ல" என்றாள் அக்கா.

போன வைகாசியில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தாள். மோட்டாருக்கான கரண்ட் உச்சிப்பொழுதில்தான் வந்தது. நாற்றங்கால் காய்கிறதே என்று லட்டுவை வீட்டுக்குள் விட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஓடினாள். கொல்லைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து திரும்பிப் பார்த்தால், தூரத்தில் வரப்பு மேல் லட்டு வருகிறது. வழியில் ஒரு புங்கமரம், நல்ல நிழல். "உட்காரு! அங்கேயே உட்காருடா!" என்று கத்திக்கொண்டே அக்கா ஓடினாள். அது இவள் பேச்சைக் கேட்டு என்றைக்கு உட்கார்ந்தது? நிழலைத் தாண்டி, அந்தக் கொதிக்கிற வெயிலில் இவளைப் பார்த்து ஓடியே வந்தது. தூக்கிக்கொண்டு போய் மோட்டார் தண்ணீரில் நனைத்தாள். இழுத்து இழுத்து அவள் கையிலேயே மூச்சு நின்றுவிட்டது.

புங்கமரத்தடியில் புதைத்தோம். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரபுகிட்ட சொல்லிடாதடி" என்றாள்.

"ஏன், திட்டுவானா?"

"திட்டுனா பரவால்ல. நாய் இல்லன்னா அவன் தினமும் யார்கிட்ட பேசுவான்?"

நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவன் பாட்டுக்குக் குரல் அனுப்பிக்கொண்டிருந்தான். இவள் லட்டுவின் பழைய வீடியோக்களாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காட்டச் சொன்னால், "தூங்குறான்டா, எழுப்ப வேணாம்" என்பாள்.

ஆடி மாதம் ஒரு நாள் சாயந்திரம், மீன் குழம்பு கொண்டுபோனேன். சமையல்கட்டில் அக்கா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். போன் சொம்பில் சாய்த்து வைத்திருந்தது. பிரபு அன்றைக்கு அனுப்பிய குரல் வந்தது. "லட்டு, உட்காரு." அக்கா பலகையில் உட்கார்ந்தாள். "சாப்பிடுடா செல்லம்." அக்கா சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள்.

போனைப் பிடுங்கிப் பதிவு பட்டனை அமுக்கினேன். "டேய் பிரபு, சித்தி பேசுறேன். லட்டு வைகாசியிலேயே செத்துப்போச்சுடா. நீ உட்காருன்னா உட்கார்றதும், சாப்பிடுன்னா சாப்பிடுறதும் இங்க உங்கம்மாடா!" அனுப்பியும் விட்டேன்.

"அடிப்பாவி, கெடுத்துட்டியேடி" என்று அக்கா எச்சில் கையோடு என்னை அடிக்க வந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அவன் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. போச்சு, இனி ஞாயிற்றுக்கிழமையும் போச்சு என்று அவள் சோற்றைத் தள்ளிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவனேதான். ரயிலை விட்டு இறங்கி எங்கேயோ நின்று பேசினான். "எப்படிம்மா ஆச்சு?" என்று அழுதான்.

"உட்காருன்னு கத்துனேன்டா. அது என் பேச்சைக் கேக்கலடா. உன் குரலுக்குத்தான் பழக்கி வச்சேன், பாவி" என்று சொல்லும்போதுதான் அக்கா லட்டுவுக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். ரொம்ப நேரம் போனில் ரெண்டு பக்கமும் அழுகைதான். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் போன நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டாள்.

"நீ எப்படா வருவ?"