கருத்தம்மாள் கிணற்றுக்குள் இறங்கியது

கருத்தம்மாளுக்குக் கிணறு என்றாலே ஆகாது. திருச்சுழிக்குத் தெற்கே அவள் ஊரில் எல்லாப் பெண்களும் தண்ணீர் இறைத்தார்கள். அவளும் இறைத்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. வாளி நிறைந்ததா என்பதைக் கயிற்றின் கனத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். ஏன் இந்தப் பயம் என்று அவளுக்கே விளங்கவில்லை. விழுந்ததும் இல்லை, விழுந்த யாரையும் பார்த்ததும் இல்லை. உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் அவளால் ஆகாது, அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு வாக்கில் மழை பெய்யவில்லை. காட்டில் களையெடுக்கக்கூட வேலை கிடையாது. பக்கத்து ஊர்ச் சம்சாரி ஒருவர் தன் தோட்டத்தில் வற்றிய கிணற்றை ஆழப்படுத்த ஆள் தேடினார். புருஷன் பால்ச்சாமி கடப்பாரை வேலைக்குப் போக, அவளும் கூடப் போனாள். போன அன்றே சொல்லிவிட்டாள்:

"கெணத்து ஓரத்துக்கு வரமாட்டேன். மேல ஏத்துன கல்லைத் தூரத்துல கொண்டுபோயிக் கொட்டுறேன்."

சிரித்தார்கள். ஆனாலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பாறைக்கு வெடி வைப்பவர் சோணைமுத்து. பெரிய உடம்புக்காரர். அவரைக் கயிற்றில் இறக்கி ஏற்ற நாலு ஆம்பளைகள் வேண்டும். ஒருநாள் பால்ச்சாமி காய்ச்சலில் படுத்துவிட்டான். மிச்சமிருந்த ஆம்பளைகள் அந்த நாலு பேர்தான். அன்று மூன்று குழியில் வெடிமருந்தை அடைத்துக் கிட்டித்து, திரிக்குத் தீ வைத்துவிட்டு மேலே வந்தார் சோணைமுத்து. இரண்டு வெடித்தன. மூன்றாவது வெடிக்கவில்லை.

வெகுநேரம் காத்திருந்தார்கள். கடைசியில் சோணைமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, குழிக்குள் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்துவிட்டு வருவதாகச் சொல்லி, ஒரு செம்பு தண்ணீரோடு இறங்கினார். கால் தரையில் பட்டிருக்கும். வெடியில் அசைந்திருந்த பக்கக்கல் ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் முனகல்.

"கால் மாட்டிக்கிருச்சு. செம்புத் தண்ணியும் கொட்டிப்போச்சு. யாராச்சும் வாங்கப்பா."

ஆம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் இறங்கினால், சோணைமுத்துவை இழுக்க மேலே மூன்று பேர்தான். அவர்களால் முடியாது. பெண்களில் ராக்கம்மாள் நிறைமாசம். மற்றது கருத்தம்மாள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். கேட்காமல் நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எறக்குங்க," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

தண்ணீர்ச் சட்டியை இடுப்பிலும் கடப்பாரையை முதுகிலும் கட்டிக்கொண்டு, கயிற்று வளையத்தில் கால் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஓர் ஆள் உயரம் இறங்கியதுமே முழங்கை பாறையில் உரசித் தோல் உரிந்தது. கண்ணைத் திறந்து, கையால் சுவரைத் தள்ளித் தள்ளித்தான் இறங்க முடிந்தது. மருந்துப் புகை தொண்டையை அடைத்தது. பாதி வழியில் தன்னையறியாமல் மூத்திரம் போய்ச் சேலை நனைந்ததை உணர்ந்தாள். வெட்கப்பட நேரமில்லை.

அடியில் சோணைமுத்து கணுக்காலுக்கு மேல் கல் அழுத்தக் கிடந்தார்.

"தாயி, மொதல்ல குழி. அந்தா, திரி நீட்டிக்கிட்டுருக்கு பாரு. ஊத்து."

குழியருகே மண்டியிட்டாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் வெளியே போனது. மிச்சம் உள்ளே போய்ச் சலசலத்தது. போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கடப்பாரையால் கல்லை நெம்பினாள். அவர் காலை உருவிக்கொண்டு அலறினார். கயிற்றை அவர் மாரைச் சுற்றிக் கட்டிக் குரல் கொடுத்தாள்.

அவர் மேலே போனார். அவள் மட்டும் நின்றாள், அந்தக் குழிக்குப் பக்கத்தில்.

அதுதான் பெரிய பயம். அண்ணாந்து பார்த்தால் தானியம் புடைக்கும் சுளகு அளவு வானம். கயிறு திரும்பி வரவில்லை. அவிழ்க்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் மறந்துவிட்டார்களோ என்று தோன்றியது. இதற்கு மேல் பயப்பட முடியாது என்ற இடத்துக்கு வந்துவிட்டதை அவள் கவனித்தாள். அந்த இடத்தில்கூட அவள் கை, சிதறிக் கிடந்த கல்லை ஒதுக்கிக் கொண்டிருந்தது. ஈரப் பாறையைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. கயிறு வந்தது.

மேலே வந்து வாந்தி எடுத்தாள். நனைந்த குழி அப்புறமும் வெடிக்கவில்லை. "இனி அந்த வேலையே வேணாம்," என்றான் வீட்டில் படுத்திருந்த பால்ச்சாமி. அவளும் தலையாட்டினாள்.

ஆனால் வேலை மறுபடி தொடங்கியபோது அவள்தான் முதலில் போய், கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்த சோணைமுத்துவிடம் கேட்டாள்.

"அண்ணே, அடியில கல்லு அள்ளுறதுக்கு என்னையும் எறக்குவீகளா?"

அவர் வியந்து பார்த்தார். "பயம் போயிருச்சா தங்கச்சி?"

"போகல. ஆனா அங்க என்ன இருக்குன்னு இப்பத் தெரியும். தெரியாமப் பயந்து பயந்துதான் இத்தனை வருசம் போச்சு."

அதற்குப் பிறகு பந்தல்குடி, பாளையம்பட்டி என்று சுற்று வட்டாரத்தில் பல கிணறுகளில் இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் வளையத்தில் கால் வைக்கும்போது தொடை நடுங்கும். அதை அவள் மறைத்ததில்லை. வெடித் திரிக்குத் தீ வைக்கவும் பழகிக்கொண்டாள்.

எழுபத்தைந்தில் ஒரு கிணற்றில் செல்லக்கிளி என்ற புதுப் பெண் ஓரத்தில் நின்றுகொண்டு நகர மறுத்தாள். கருத்தம்மாள் அடியிலிருந்து கூப்பிட்டாள்.

"எனக்குப் பயமாருக்கு மதினி."

"எனக்குந்தான். சொவரைக் கையால தள்ளிக்கிட்டே வா."

கொஞ்ச நேரம் கழித்துக் கயிறு இறங்கத் தொடங்கியது.