இருபத்து நான்கு பழுப்புக் கோடுகள்

நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிறவர், அந்த வழியில் ஒருமுறையாவது நடந்திருக்கிறாரா? கேட்டதுண்டா?

இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள, ஒரு பஸ் டிப்போவின் டைம் கீப்பருக்கு இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து, டீக்குக் கொஞ்சம் கூட்டுவார். வண்டிக்கு நேரம் தயார். டிரைவர்கள் அவரைக் 'கடிகாரக்கா' என்பார்கள். அதில் பாசம் கால், எரிச்சல் முக்கால்.

ஞாயிற்றுக்கிழமை ஊழியர் பதினெட்டு பேரும் மலையேற வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். பல நூறு கிலோமீட்டர் நீளும் மலைப்பாதையில் ஒரு நாள் நடை. இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கடைசி பஸ்ஸில் திரும்புவது. 'உற்சாக நடை' என்று பெயர். வராதவர் பெயரைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டுமாம். உற்சாகம் அப்படித்தான் வரும் போலிருக்கிறது!

அந்த நடைக்கும் நேரம் போட, கடிகாரக்கா வரைபடத்தில் பாதையின் மேல் நூலை வைத்து அளந்தார். பதினான்கு கிலோமீட்டர். மணிக்கு நான்கு. பத்து மணிக்குக் கிளம்பினால், டீயும் சேர்த்து, இரண்டு மணிக்குக் கீழே. முத்து முத்தாக எழுதி முடித்தபோது மலை ரூட் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, மலையை இஸ்திரி போட்டுட்டீங்களா?”

“கிண்டல் அப்புறம். என்ன தப்புன்னு சொல்லு.”

“இந்தப் பழுப்புக் கோடெல்லாம் என்னன்னு நினைச்சீங்க?”

“சும்மா அழகுக்குப் போட்டிருக்கான்னு…”

“ஒவ்வொண்ணும் நாப்பது மீட்டர் ஏத்தம். எங்க ரூட்டுக்கும் இப்படித்தானே நேரம் போடுறீங்க? எழுதுறது நீங்க, லேட்டுன்னு மெமோ வாங்குறது நாங்க.”

கடிகாரக்கா கோடுகளை எண்ணினார். ஏற்றத்தில் மட்டும் இருபத்து நான்கு கோடுகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர். அந்த மெமோக்கள் எல்லாம் தன் கையால் போனவை என்பது நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் கடிகாரக்காவின் ஓரகத்தி துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். அதே டிப்போவில் காண்ட்ராக்டில் பெருக்குகிறவள். வீசிங் உண்டு, மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவாள்.

“நீ வராதடி.”

“வரலன்னா அடுத்த மாசம் லிஸ்ட்ல என் பேர் இருக்காதாம்க்கா. இன்ஹேலர் எடுத்துக்கறேன். நேரம் போட்டது நீங்கதானே, அப்புறம் எனக்கென்ன பயம்?”

கடிகாரக்கா பென்சிலை எடுத்தார். ஓரகத்தி மாடியேறும் வேகத்தை வைத்து மறுபடி கணக்குப் போட்டார். கீழே சேர மாலை ஆறரை. கடைசி பஸ் ஐந்து நாற்பதுக்கு. அந்தச் சரிவில் ஐந்தரைக்கே வெளிச்சம் போய்விடும், போனுக்கு சிக்னலும் கிடையாது என்றார் டிரைவர். இருட்டில், பாறை விளிம்பில், காலியான இன்ஹேலரை உதறிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. எத்தனை முறை தள்ளினாலும் போகவில்லை.

தாளோடு மேனேஜர் அறைக்குப் போனார். ஆறரை மணிக் கணக்கை நீட்டினார்.

“எல்லாம் நல்லபடியா நடக்கும்மா. ரெண்டு மணின்னே இருக்கட்டும்.”

“நல்லபடியாங்கறதுக்கு அட்டவணையில கட்டம் இல்ல சார். அவளுக்கு மூச்சு முட்டினா யார் தூக்கிட்டு இறங்குறது?”

“பயந்தாங்கொள்ளிங்க பேச்சு இது.”

ஆம், பயந்துதான் போயிருந்தார். கணக்குத் தெரிந்தவர் பயப்படாமல் என்ன செய்வார்? கணக்கே போடாத தைரியத்தில் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறவருக்கு, தூக்கிச் சுமக்கிற வேலை ஒருநாளும் வருவதில்லை.

வெளியே வந்தார். நோட்டீஸ் போர்டில் தன் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். அடியில், “இந்த நேரத்துக்கு இந்த மலையில் நான் நடக்க மாட்டேன்” என்று எழுதி, பதினெட்டு பேரும் கையெழுத்துப் போடக் கோடு போட்டார். முதல் கோட்டில் தன் கையெழுத்து.

ஓரகத்தி படித்துப் பார்த்தாள். மேனேஜர் அறைக் கதவையும் பார்த்தாள். கையெழுத்துப் போடவில்லை. அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

இன்று வெள்ளிக்கிழமை. பதினேழு கோடுகள் காலியாக இருக்கின்றன. இதுபோல ஒரு தாள் உங்கள் வேலையிடத்துச் சுவரிலும் தொங்கலாம். பார்க்காதது போலக் கடந்து போகாதீர்கள். கையெழுத்துப் போட்டால் பறிபோகக்கூடியது அந்த ஓரகத்தியைவிட உங்களுக்குக் குறைவு என்றால், இரண்டாவது கோட்டில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.