காத்தவராயனின் கம்பெனி

சாவியைத் திருப்பி இன்ஜினை ஓடவிட்டுக் காத்தவராயன் கீழே இறங்கிவிடுகிறார். வண்டியைச் சுற்றி ஒரு நடை. முன்பக்கம் வந்ததும் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்கிறார். பக்கத்து வண்டியில் யாராவது பாட்டு வைத்திருந்தால் கையை மட்டும் உயர்த்துவார், பாட்டு நின்றுவிடும். மூலகுளம் பிக்கப் ஸ்டாண்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது. கேட்டு முடித்ததும், "ம், சாப்ட்டுடுச்சு" என்பார். டீசல் சீராக ஏறுகிறது என்று அதற்குப் பொருள். அதற்குப் பிறகுதான் அவருக்கு டீ.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, காக்கிச் சட்டை, எப்போதும் எண்ணெய் வைத்து வாரிய தலை. பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் இருபது வருடம் நின்றதில் காது பாதி போய்விட்டது. மனிதர் பேசினால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இன்ஜின் பேசினால் ஒரு தடவை போதும். மில் வேலையை விட்டதும் வாங்கிய பிக்கப்பைத்தான் இன்றுவரை ஓட்டுகிறார். உழவர்கரைப் பக்கம் வீடு மாறுகிறவர்கள், பந்தல்காரர்கள், காய்கறி ஏற்றுகிறவர்கள் எல்லாரும் அவரைத் தேடி வருவார்கள். நானும் வீடு மாறியபோதுதான் அவரிடம் அகப்பட்டேன். புத்தகப் பெட்டிகளை ஏற்றி இறக்கிய அந்த ஒரு மதியத்தில், பிக்கப் வண்டிகளைப் பற்றி ஓர் ஆள் வாழ்நாள் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டியதைவிட அதிகமாகவே தெரிந்துகொண்டேன்.

வண்டி எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் விளம்பரக் கட்டணம் கேட்பார். காத்தவராயனும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. அவருடையது 'நம்ம கம்பெனி'. ஸ்டாண்டின் மறுபாதி வண்டிகளைச் செய்கிற கம்பெனிக்கு அவர் வாயில் பெயரே கிடையாது. 'அது' என்பார். "அது வாங்கிட்டான் சார்" என்று யாரையாவது பற்றிச் சொன்னால், கேட்பவருக்கு அந்த ஆளின் உடல்நிலை குறித்துக் கவலை வரும்.

நம்ம கம்பெனி அவருக்கு மாமன் வீடு மாதிரி. குறை சொல்ல அவருக்கு மட்டுமே உரிமை. கண்ணாடி ஏற்றும் பிடி கழன்று வந்தால், "கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க" என்பார். அதையே வேறொருவர் சொன்னால் அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. வண்டி இதுவரை வழியில் நின்றதே இல்லை என்பது அவருடைய உறுதியான நிலை. நின்றதைப் பார்த்த சாட்சிகள் ஸ்டாண்டிலேயே இருக்கிறார்கள். கேட்டால், "வண்டி நிக்கல சார். நான் நிறுத்தனேன்" என்பார்.

ஊர்ப் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றியபோது, கதவில் எழுதியிருந்த பாண்டிச்சேரியை அழித்துப் புதிதாக எழுதிய முதல் வண்டி அவருடையது. பெயின்டர் கையோடு முன்பக்கத்துக் கம்பெனி எழுத்துக்கும் பளிச்சென்று ஒரு கோட்டிங் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். "ஊர் பேரு கெவர்மென்ட்டு மாத்தலாம். அது கம்பெனியில போட்டது. உன் பிரஷ்ஷு அதும் மேல படக்கூடாது" என்று பதில் வந்ததாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர், பிரான்சில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வந்தவர், அந்த நாட்டு வண்டிகளைப் புகழ்ந்துகொண்டே பீரோ ஏற்றினார். வழியெல்லாம் பொறுமையாகக் கேட்ட காத்தவராயன், இறக்கும்போது ஒன்றே ஒன்று விசாரித்தார். "அங்க ரோட்டுல பள்ளம் இருக்குங்களா மெஸ்ஸியே?" இல்லை என்றார் சொல்தா. "அப்ப சரி" என்று தார்ப்பாயை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் மனைவி தாமரைச்செல்வி காய்ச்சலில் கிடந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில்தான் போனார்கள். "டாக்டரு என் வயசக் கேக்குறாரு. இவரு, 'ஒம்போது வருஷம் ஆவுதுங்க, இன்னும் இன்ஜின் பிரிச்சதில்ல'ங்கறாரு. நர்ஸம்மா சிரிப்ப அடக்க முடியாம வெளிய போயிட்டாங்க" என்று அந்த அம்மாள் சொல்லும்போது, காத்தவராயன் மறுக்காமல் உட்கார்ந்திருந்தார். பெருமையாகத்தான் இருந்தது அவர் முகம்.

இப்படிப்பட்டவருக்கு எதிரணி இல்லாமல் இருக்குமா? 'அது' வைத்திருப்பவர்களின் தலைவர் இராமதாஸ். கனத்த உடம்பு, கனத்த குரல். காத்தவராயனைவிட நாலைந்து வயது இளையவர், வண்டியும் இளையது. எதிரெதிரே வண்டியைப் போட்டுக்கொண்டு, வாடகை வராத நேரமெல்லாம் இரண்டு பேரும் மோதுவார்கள்.

"உன் வண்டி மேடு ஏறும்போது இருமுதுய்யா காத்தா. மருந்து வாங்கிக் குடு."

"அது இருமல் இல்ல. உன் வண்டியப் பாத்துத் தொண்டைய கனைக்குது, ஓரம் போன்னு."

இதில் ஒருநாளும் ஒருவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாகவும் தெரியவில்லை.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. என் பழைய புத்தக அலமாரியைக் கிருமாம்பாக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட, காத்தவராயன் வண்டியில் நானும் கிளம்பினேன். கடலூர் சாலையில் தவளக்குப்பம் தாண்டியதும், சாலை ஓரத்தில் மாவிலைத் தோரணமும் செவ்வந்தி மாலையுமாக ஒரு பிக்கப் நின்றிருந்தது. தூக்கிய பானெட்டின் கீழிருந்து ஆவி புகைந்துகொண்டிருந்தது.

"அது மாரி இருக்குதே" என்றார் காத்தவராயன். பிறகு குரல் மாறியது. "ஐயய்யோ, ராமதாசு வண்டி சார்!"

இராமதாஸின் மகள் சரிதாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பாகூரில். அன்றைக்குச் சீர் இறக்க நாள் குறித்திருந்தார்கள். கட்டில், பீரோ, கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் வண்டியில். உறவுக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். இங்கே இராமதாஸும் அவர் மனைவி அஞ்சலாட்சியும் மட்டும். பத்தரைக்கு இராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் இறக்கியாக வேண்டும்.

காத்தவராயன் இறங்கிப் போய்ப் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வாட்டர் பம்ப் போய்விட்டது. தண்ணீர் ஊற்றினாலும் நிற்காமல் ஒழுகிவிடும். ஓட்டினால் சூடேறி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அரசமரத்தடியில் உட்கார்ந்திருந்த இராமதாஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்த ஆள் வரக் கூடாது என்று நினைத்திருப்பாரோ, அந்த ஆளே வந்து நிற்கிறார். வரப்போகும் வசனத்துக்கு நானே மனசுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

"எந்திரிய்யா" என்றார் காத்தவராயன். "சார் அலமாரி ஓரமா கெடக்கட்டும். எல்லாத்தையும் என் வண்டிக்கு மாத்திடலாம்."

"வேணாம்."

"மணியப் பாருய்யா."

"வேணாம் காத்தா. அஞ்சு வருஷமா இந்த வண்டி ஓடித்தான் இதெல்லாம் வாங்கனேன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சம்பந்திகிட்ட சொல்லிட்டேன், சீரு என் வண்டியிலதான் வரும்னு. இப்ப இன்னொரு வண்டியில போயி எறங்குனா..."

அஞ்சலாட்சி தாம்பூலத் தட்டை மடியில் வைத்தபடி அழுதேவிட்டார். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இந்த மனுசனுக்கு வண்டி கௌரவம் பெருசா, பொண்ணு வாழ்க்கை பெருசா?"

காத்தவராயன் தோரணம் கட்டிய வண்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் வண்டிக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து தடித்த கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அழாதம்மா. அவன் வண்டியிலயே போவலாம். ஏறச் சொல்லு."

இரண்டு வண்டியையும் அவரே கயிறு போட்டுப் பிணைத்தார். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "நான் கைய வெளிய நீட்டுனா பிரேக்க தொடு. தோரணம் அறுந்துடப் போவுது, மெதுவாத்தான் போவேன்" என்றார். இராமதாஸ் தலையை ஆட்டினார்.

அவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒரு கண் சாலையில், ஒரு கண் கண்ணாடியில். சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். கிருமாம்பாக்கம் வந்தது, என் தங்கை வீட்டுத் தெரு வந்தது, போனது. பாகூர் சாலையில் திரும்பியதும்தான் கேட்டேன், ஸ்டாண்டில் சொல்லிச் சிரிக்க ஒரு வருடத்துக்குக் கதை கிடைத்துவிட்டதே என்று.

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம் பொண்ணு சீர அவன் வண்டியில ஏத்தச் சொன்னா நான் ஏத்துவனா சார்? அவனும் ஏத்தல. ஏத்தியிருந்தான்னு வையுங்க, நாளையிலேர்ந்து அவன்கிட்ட நான் என்னாத்த பேசுறது?"

பாகூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டினார். அதைத் தாண்டினால் மாப்பிள்ளை வீட்டுத் தெரு. அங்கிருந்து எங்களை யாரும் பார்க்க முடியாது. இறங்கி, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, என் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

"தண்ணி பிடிச்சிக்கினு வாங்க. இவ்ளோ நேரம் ஆறியிருக்கு. ரெண்டு தெருவு ஓட்டலாம், ஒண்ணும் ஆவாது."

பிடித்து வர ஒன்றும் இல்லை. அஞ்சலாட்சி ஒரு கணம் தயங்கிவிட்டுச் சீரிலிருந்த புதுப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினார். மஞ்சள் பூசிய குடத்திலிருந்து ரேடியேட்டருக்குள் தண்ணீர் இறங்கியது. இராமதாஸ் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடத் தொடங்கியது. காத்தவராயன் தன்னை அறியாமல் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். கேட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நீ முன்னால போ. ஆரன் அடிச்சிக்கினு போ" என்றார்.

தோரணம் ஆட, ஆரன் முழங்க, இராமதாஸின் வண்டி தன் காலாலேயே மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றது. பத்தரைக்கு இன்னும் நேரம் இருந்தது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். கட்டிலும் பீரோவும் இறங்கத் தொடங்கின. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரைண்டரைத் தூக்கிக் கொடுத்த இராமதாஸின் குரல் பழையபடி கனத்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா பலராமன் பாகூரில் நெல் விவசாயம் செய்பவர். சிரித்த முகம். எங்களுக்கும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வேன்காரங்க வந்து ரொம்ப நேரம் ஆவுது. வழியில ஏதாச்சும் தகராறோன்னு பயந்துட்டோம்" என்றார்.

"என்னாலதாங்க" என்றார் காத்தவராயன். "நான் முன்னால மெதுவாப் போயிட்டேன். அவரால என்னைத் தாண்டி வர முடியல."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பலராமன் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது போலத் தலையசைத்தார்.

"உங்களுது பழசு பாருங்க, அதான். நானும் நெல்லு மூட்டை ஏத்த ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். சம்பந்தி வண்டி மாரியே எடுத்துடலாமா? ஓட்டுறவங்க நீங்க, சொல்லுங்க."

கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி இராமதாஸ் அசையாமல் நின்றார். ஒன்பது வருடமாக யார் கேட்பார்கள் என்று காத்திருந்த கேள்வி, கேட்கவே கூடாத இடத்தில் வந்து நிற்கிறது.

"வண்டி விசயம் இன்னிக்கு வேணாங்க" என்றார் காத்தவராயன் கடைசியில். "கல்யாணம் முடியட்டும். ஒரு நாளு எங்க ஸ்டாண்டுக்கு வாங்க. நாங்க ரெண்டு பேரும் எதிர எதிர நின்னு சொல்றோம். நல்லா கேட்டுட்டு எடுங்க."

பலராமன் சிரித்தார். இராமதாஸும் சிரித்துவிட்டுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். மெழுகிக் கோலம் போட்டிருந்த வாசலில், இராமதாஸின் வண்டி மூக்குக்குக் கீழே, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சிவப்புக் காவி கரைந்து ஒரு சின்ன ஓடையாக இறங்கியது. பலராமனின் பார்வையும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

காத்தவராயன் செம்போடு நாலு எட்டு வைத்து, அந்த வண்டியின் முன்னால் போய் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, அந்த ஈரத்தின் மேலேயே இரண்டு காலையும் ஊன்றி, செம்புத் தண்ணீர் முழுவதையும் நிதானமாக ஊற்றிக் கழுவிக்கொண்டார். "இன்னொரு செம்பு கெடைக்குங்களா?" என்றார்.