சப்போட்டாவின் நிழல் எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சரோஜா, தெருவில் யாரிடம் அரிவாள் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பயப்படாதீர்கள். எனக்கில்லை. நான் வைத்த சப்போட்டா மரத்துக்கு!

மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. பின்னால் பதினைந்துக்குப் பத்தடியில் ஒரு சிமென்ட் முற்றம். சாயங்காலத்தில் அங்கே ஈஸிசேர் போட்டுச் சாய வேண்டும் என்பது என் வாழ்நாள் லட்சியம். (பெரிய லட்சியமெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.) ஆனால் நாலு மணிக்கு அங்கே உட்கார்ந்தால் அப்பளம் மாதிரி பொரிந்துவிடுவோம்.

எனவே, மரம். நாலு வருஷத்துக்கு முன்னால் சரோஜாவிடம் மனுப் போட்டேன்.

"வைங்க. ஆனா இலை கொட்டற மரம் வேணாம். வடாம் மேல விழும். வடாத்து மேல நிழலும் விழக்கூடாது" என்றாள். கோடை வந்தால் அந்த முற்றம் அவளுடைய வடாம் ஃபேக்டரி.

அடையாறில் ஒரு செடிக்காரரைப் பிடித்தேன். வேப்பங்கன்று கேட்டதும் சிரித்தார்.

"இன்னா நைனா, அத்தினியூண்டு எடத்துல வேம்பா? வேரு சொவுத்தைப் பொளந்துகினு பூடும். ஒட்டு சப்போட்டா எடுத்துகினு போ. ரொம்ப ஒசராது. வருசம் பூரா பச்சையாவே கீது, பாரு!"

மரம் முடிவாகிவிட்டது. எங்கே வைப்பது? இங்கேதான் என் விஞ்ஞான மூளை வேலை செய்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிழக்குச் சுவர் ஓரம் ஒரு கழியில் குடையை விரித்துக் கட்டினேன். நிழல் ஜம்மென்று முற்றத்தில் விழுந்தது. அங்கேயே குழி தோண்டிவிட்டேன்.

"சாயங்காலமும் இங்கேதான் விழுமா?" என்று கேட்டாள் சரோஜா.

"அதே மரம், அதே முற்றம்... வேற எங்கே போகும்?"

எங்கே போகும்? சூரியன் மேற்கே போனால் நிழல் கிழக்கே போகும். மூன்றாம் வகுப்புப் பாடம். அன்றைக்கு நான் லீவு போலிருக்கிறது.

இந்தக் கோடையில் மரம் குடையாகக் கவிந்துவிட்டது. காலை நிழல் முழுக்க வடாத்தின் மேல். மூன்று நாளாகியும் காயாமல் ஒரு வேட்டி வடாம் புளித்துப்போனது. மாலை நிழலோ சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள். எனக்கு வழக்கம்போல வெயில்!

"வடாமும் இல்ல, நிழலும் இல்ல. எதுக்குங்க இந்த மரம்?" என்றாள் சரோஜா. நாலு வருஷம் நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது மட்டும் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால் எடுபடாது என்பதும் தெரிந்தது.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜமால் பாய். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். சரோஜா சுவர் ஓரம் நின்று அவரிடமே அரிவாள் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"இந்தச் சப்போட்டாவை வெட்டத்தான்."

"யா அல்லா! வெட்டாதீங்கம்மா! தெனம் நாலு மணிக்கு அதுக்குக் கீழேதான் நான் டீ குடிக்கிறேன். நம்ம சாரு எனக்காகவே சுவர் ஓரமா வெச்சிருக்காருன்னு எங்க ஊட்ல சொல்லிக்கினு இருக்கேன்!"

சரோஜா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

"அப்ப என் வடாம்?"

"காலைல எங்க முத்தத்துல வெயிலு சும்மாதானேம்மா காயுது? இங்க வந்து புழிங்க. காக்காயை நம்ம ஊட்டம்மா பார்த்துக்குவாங்க."

மறுநாளே வடாம் வேட்டி அந்தப் பக்கம் போய்விட்டது. மாலையில் அதன் பின்னாலேயே என் ஈஸிசேரும் போனது. மரம் எங்கள் வீட்டில், நாங்கள் ஜமால் பாய் வீட்டில்! டீயில் ஏலக்காய் தூக்கலாகப் போடுகிறார்கள். குறையே இல்லை.

நாம் செய்கிற நல்ல காரியங்களில் எத்தனை, நாம் உத்தேசித்தே செய்தவை? ரொம்பக் கிளறாமல் இருப்பது உத்தமம்.

ஜமால் பாய் மட்டும் தெரு முழுக்க என்னைத் தாராள மனசுக்காரர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை... திசை தெரியாதவன் என்பதைவிட அது கௌரவமாக இருக்கிறது.