அக்கா தள்ளிப்போட்ட ஸ்கேன்

என் அக்காவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. பேச வந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இவள் குட்டி போட்ட பூனை மாதிரி அறையைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஜன்னல்வரை ஆறு எட்டு, கதவுவரை ஆறு எட்டு. வந்தவர்கள் அவளோடு தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, மனபாரம் குறைந்து கழுத்து வலியோடு படியிறங்குவார்கள். வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறது.

நான் அவளுடைய தங்கை. வெளி மேஜை என்னுடையது. யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த அலுவலகத்தில் என்றைக்குப் பேச்சு என்றெல்லாம் நோட்டில் குறிப்பவள் நான்தான். அதனால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் எடுத்தாக வேண்டிய ஸ்கேன், நாலு மாதமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அத்தானிடம் மட்டும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று சொல்லிவைத்திருந்தாள். அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், வீட்டுக்காரி சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

முன்பெல்லாம் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷம். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடிக்கப் போகிற நேரத்தில் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பது அவள் தொழில். பிரேக் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நானும் அவளிடம் கற்றேன், மூன்று முறை டெஸ்டில் தோற்றேன். வாயைத் திறந்தால் கிளட்ச்சை மிதி, கிளட்ச்சை விட்டால் வாயை மூடு என்று கத்துவாள். எனக்கு வாயை மூடுகிற பழக்கம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அவளுடைய நாற்பத்து மூன்றாம் வயதில் ஒரு நாள் காலை, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தபோது, கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, புருவம் போயிற்று, உடம்பில் பாதி போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. மருந்து ஏறும் நாற்காலியில் சாய்ந்தபடியே பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை முதல் நாளே சீட்டில் எழுதிக்கொள். கூட ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வா. வாய் புண்ணாகாமல் இருக்க ஐஸ்கட்டி சப்பு. பயந்து நடுங்குகிறவர்களை நர்ஸுகளே அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அக்கா வீடு திரும்பிய பிறகும் அவர்கள் அவளுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வங்கி மேலாளர். தன் ஊழியர்களிடம் வந்து பேசச் சொன்னார். சீட்டு, ஐஸ்கட்டி, கூட ஓர் ஆள் என்று அக்கா பேசினாள். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளுக்கு என்ன தோன்றிற்றோ, "நோய்கிட்ட சொன்னேன், இது என் வண்டி, ஸ்டியரிங் என் கையில இருக்கு, நீ இறங்குன்னு" என்றாள். அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் நோயிடம் அப்படிச் சொல்லவே இல்லை. நான் கூடவேதான் இருந்தேன். அவள் நோயிடம் சொன்னதையெல்லாம் எழுத்தில் வைக்க முடியாது.

அடுத்த பேச்சில் அந்த வாக்கியம் முன்னால் வந்தது. அதற்கடுத்த பேச்சில் அதற்குக் குஞ்சு குளுவான்கள் பிறந்தன. மனசு வெச்சா உடம்பு கேக்கும். பயம்தான் நோய், தைரியம்தான் மருந்து. ஐஸ்கட்டியைக் காணோம். மூன்று மாத வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினாள், கார்ப் பயிற்சியை விட்டாள், சாவி செய்யும் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். நாள் முழுக்கக் கீழேயிருந்து சாவி ராவுகிற சத்தம் பல்லைக் கூசச் செய்யும். அதையும் அவள் விடவில்லை, எந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்று பேச்சில் சேர்த்துக்கொண்டாள். பேச்சுகளைப் பதிவுசெய்து போனில் எல்லோரும் கேட்கும்படி ஏற்றினோம். ஏற்றியது நான்தான், அதையும் மறைக்கக் கூடாது.

அவளால் நன்மையே இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஒன்பது வருஷமாகத் தம்பியோடு பேசாத ஒருவர், அவள் அறையில் உட்கார்ந்தபடியே தம்பிக்குப் போன் போட்டுத் தேம்பியதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் உன்னைப் பிழைக்க வைத்தது டாக்டரும் மருந்தும்தானே, அதை ஏன் மேடையில் சொல்வதில்லை என்று ஒருமுறை கேட்டேன். அதைக் கேட்கவா அவர்கள் வருகிறார்கள் என்றாள்.

ஸ்கேனுக்கு முதலில் அவள் சொன்ன சாக்கு, வெளியூர்ப் பேச்சு. இரண்டாவது, சளி. மூன்றாம் முறை, ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேராம். நான் போன் செய்து கேட்டேன், மெஷின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அன்றைக்கு எங்களுக்குள் பெரிய சண்டை. ஊருக்குத்தான் உபதேசமா என்று நான் கேட்க, மேஜை நோட்டை மட்டும் பார் என்று அவள் சொல்ல, உள்ளே காத்திருந்தவர் பயந்துபோய் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இதற்கிடையில் அவள் கை சும்மா இருக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றால் போதும், கழுத்துக்குப் போய்விடும். மேடையில் மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு தடவை. சாப்பிடும்போது வலது கை சோறு பிசைவதால் இடது கையால் ஒரு தடவை. அங்கே என்ன என்று கேட்டால், கொசு என்றாள். நாலு மாதமாக ஒரே இடத்தில் கடிக்கிற கொசுவை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் கள்ளத்தனமாக அவள் கழுத்தைப் பார்ப்பேன், அவள் துண்டைச் சுற்றிக்கொள்வாள். அத்தானிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அச்சகத்து வாசல்வரை போய்த் திரும்பினேன்.

அந்த நிலைமையில்தான் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் பேச்சு. நூறு பேர் இருக்கலாம். அக்கா வழக்கம்போல வெளுத்துக்கட்டினாள். கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஏதோ தங்கும் விடுதியின் சீருடையில் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தாம்மா. உங்க பேச்சைப் போன்ல தினமும் கேப்பார். கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். என்னால சரியா மனசு வைக்க முடியல, உன்னை ஏமாத்திட்டேன்னார். அவர் மனசு வைக்காமத்தான் செத்தாரா? அதை மட்டும் சொல்லுங்க."

அக்காவின் கை கழுத்துக்குப் போயிற்று. பிறகு, பழக்க தோஷம், வாய் தானாகப் பேசியது. ஒவ்வொருவர் பயணமும் வேறு வேறு, அவர் உங்களுக்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்றாள். கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண், சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு, மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல் இருந்தது.

திரும்பும்போது எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தை மூன்று முறை தாண்டிப் போனாள். பதினாலு வருஷம் ஊருக்கே வழி சொன்னவள். நான்காவது முறை ஒரு மருந்துக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"ஸ்கேன்ல ஏதாவது வந்துச்சுன்னா, நானும் மனசு வைக்கலன்னு ஆயிடும்லடி?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் கைதட்டலுக்காகக் கதை விடுகிறாள், உள்ளுக்குள் உண்மை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதை அவளே நம்பியிருக்கிறாள். கட்டி திரும்பி வந்தால் தாங்கிக்கொள்வாள், அது அவளுக்குப் பழக்கம். தன் மனசு தோற்றுவிட்டது என்று நூறு பேர் நினைப்பார்களே, தானே நினைப்போமே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாலு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் முதல் வேலையாக அந்தப் பெண்ணைத் தேடிப் போனோம். சங்கத்துக்காரர்கள் விடுதியின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். பின்பக்கப் படியிறங்கினால் துணி அறை. கூரைவரை அலமாரிகளில் வெள்ளை விரிப்புகள், துண்டுகள், தலையணை உறைகள். காற்றில் சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை. அவள் தனியாக விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், கூட வேலை செய்கிறவள் லீவாம். எங்களைப் பார்த்து அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அக்கா போய் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நான் சொன்னது பதிலே இல்லைங்க. எனக்கு மருந்து கேட்டுச்சு, அவருக்குக் கேக்கல. அவ்வளவுதான். மனசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவர் ஒரு தப்பும் செய்யல. தப்பு நான் செஞ்சது."

அவள் தன் முனையோடு நடந்து வந்து, அக்காவின் முனையோடு சேர்த்து, விரல் நுனியால் மூலைகளைச் சரிபார்த்தாள்.

"இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று அந்தப் பெண் சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த விரிப்பை எடுத்து நீட்டினாள், அக்கா பிடித்துக்கொண்டாள். இரண்டாவதில் மூலை சேரவில்லை, மறுபடி பிரித்து மடிக்கச் சொன்னாள். அக்கா மறுபேச்சில்லாமல் மடித்தாள். தள்ளுவண்டியில் இருந்தது தீரும்வரை இரண்டு பேரும் மடித்தார்கள், நான் அலமாரியில் அடுக்கினேன். அவள் கணவருக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம் என்றும், ஒரு நாளும் ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை என்றும் நடுவில் ஒருமுறை அவளாகவே சொன்னாள்.

அன்று மத்தியானமே போனில் ஏற்றியிருந்த பதிவுகளையெல்லாம் நீக்கிவிட்டேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள், ஐந்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். சாயங்காலம் அத்தானிடம் உண்மையைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றப் போனவர், பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார். எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, அன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார். நீங்கள் வந்தால் அழுதுவிடுவேன், இவளே போதும் என்று அக்கா என்னைக் காட்டினாள். அந்த ஐந்து நாளும் வீட்டில் யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்க்கவில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே சுவரோரமாக நாற்காலிகள். ஒரு புட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்த பிறகுதான் உள்ளே கூப்பிடுவார்கள். அக்கா எழுவாள், உட்காருவாள், ஒரு வாய் குடிப்பாள், மறுபடி எழுவாள். எதிரே ஒரு வெல்டர் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. சிகிச்சை இனிமேல்தான் ஆரம்பமாம். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அக்காவை உற்று உற்றுப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். போனில் பேசுகிறவர் நீங்கள்தானே என்றாள். இவர் ரொம்ப மனசு விட்டுவிட்டார், தைரியமாக இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றாள்.

அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, தைரியமா இருந்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. சொன்ன தேதிக்குத் தவறாம வாங்க, அது போதும். மருந்து அதோட வேலையைச் செய்யும். ஒருவேளை செய்யலன்னா, அது உங்க குத்தம் இல்ல."

மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. இதற்கா கேட்டோம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஆனால் வெல்டர் முதல்முறையாகத் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நாலு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும், பயந்து ஒளிந்துகொண்டிருந்தேன் என்றாள் அக்கா.

"நோய் திரும்பி வந்திருந்தா?" என்றார் அவர்.

"வந்திருந்தா மறுபடியும் ஊசி. மறுபடியும் முடி போகும். இவ திட்டிக்கிட்டே கூட வருவா."

வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். திட்டாமலும் வருவேன் என்று சேர்த்துச் சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. அவளை உள்ளே கூப்பிட்டபோதும் நான் அதை நிறுத்தவில்லை.