தம்பிக்கு மூன்று பீப்

எனக்குத் தம்பியைப் பார்த்தால் வயிறு எரியும். இதைச் சொல்ல வெட்கப்பட்ட காலமெல்லாம் போய்விட்டது. சுரங்கத்துக்கு எங்கள் நிலம் போனபோது வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். நான் அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெளியூரில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்பா தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தார். "நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ. அவன் பொழைக்க மாட்டான்டா" என்று எனக்குக் காரணம் வேறு சொன்னார். பிழைக்கத் தெரிந்த பாவத்துக்கு எனக்கு அந்தத் தண்டனை. அவன் பர்மனென்ட், நான் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். ஒரே சுரங்கத்துக்குத்தான் இரண்டு பேரும் போகிறோம், சம்பள நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் ஊர் வடக்குத்து. அங்கே எங்களுக்கு ஒரே மனை. ரோட்டுப் பக்கம் தம்பியின் மாடி வீடு, பின்பக்கம் என் ஓட்டு வீடு, நடுவில் அப்பாவின் பழைய அறை. அம்மா போன பிறகும் அப்பா அந்த அறையை விட்டு வரவில்லை. "எவன் வூட்டுலயும் நான் ஒண்டிக்கினு கெடக்க மாட்டேன்" என்பார். போன வருஷம் போர்வெல் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பிளேட் வைத்துக் கட்டிலில் படுக்கப் போட்டார்கள். குரலும் தேய்ந்துவிட்டது. அப்போதுதான் தம்பி ஆரம்பித்தான்.

"அண்ணே, டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் கேட்டிருக்கேன். கிரவுண்ட் ஃப்ளோர். ஆஸ்பத்திரி பக்கத்துலயே வரும்போல இருக்கு. அப்பாவ நான் கூட்டிக்கினு போறேன்."

அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அலாட்மென்ட் வரட்டும், பாக்கலாம்" என்றார். வேலைதான் அவனுக்குப் போயிற்று, அப்பாவும் அவனுக்கேவா? குவார்ட்டர்ஸ் கிடைப்பதற்குள் இங்கேயே தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அப்பா நினைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு இருந்த பெரிய குறை, "கூப்ட்டா எவனுக்கும் காது கேக்கல" என்பது. போன் கொடுத்துப் பார்த்தோம். எதையோ அழுத்தி யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். சரி, ஒரு காலிங் பெல் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஐ.டி.ஐ. காலத்திலிருந்தே எனக்குச் சாலிடரிங் கிறுக்கு உண்டு. புரோகிராம் போட்டு ஓட்டுகிற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் நாலைந்து என் பிஸ்கட் டப்பாவில் எப்போதும் கிடக்கும். கட்டிலில் ஒரு பட்டன், என் வீட்டில் சத்தம் போட ஒரு பஸ்ஸர், நடுவில் கம்பியில்லாமல் சேதி போக ஒரு வயர்லெஸ் மாட்யூல். அவ்வளவுதான் வேலை.

"ஏங்க, நாலு கஜம் ஒயர் இழுத்தா முடிஞ்சிது. கரன்ட்டு வேலக்காரன் வூட்டுல ஒயருக்கா பஞ்சம்?" என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்விதான். ஆனால் நடு வாசல் முழுக்கத் தம்பி சிமென்ட் கல் பதித்திருந்தான். ஒயரைப் புதைக்க வேண்டுமென்றால் அவனிடம் கேட்டுக் கல்லைப் பெயர்க்க வேண்டும். மேலே இழுத்தால் அவன் கார் போய்வருகிற வழி, தொங்குது அது இது என்பான். அவனிடம் ஒன்று கேட்டு வாங்குவதற்குப் பதில் நான் வயர்லெஸ்ஸில் தலையைக் கொடுத்தேன்.

அந்தத் தலைவலியைக் கேளுங்கள். கையில் ஏற்கெனவே இருந்த புளூடூத் மாட்யூலில் ஆரம்பித்தேன். அப்பாவின் அறைச் சுவர் பழைய செங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். சுவரைத் தாண்டிப் பத்தடி போனதும் செத்துவிட்டது. அடுத்தது வைஃபை சிப். விலை மலிவு, சுட்டியான சாமான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் வாங்கு என்பார்கள். ஆனால் ரூட்டர் இருப்பது தம்பி வீட்டில்.

"பாஸ்வேர்டு கேக்க வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"நீங்க ஏன் கேக்கணும்? நம்ம பொண்ணுக்கு அந்த பாஸ்வேர்டு மனப்பாடம். ஒரு வருஷமா அதுலதான பாடம் படிச்சிகினு இருக்கா!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தச் சிப்புகள் ரூட்டர் இல்லாமலே ஒன்றோடொன்று பேசும் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு இருந்த கோபத்தில் வைஃபை என்ற வார்த்தையே எனக்கு ஆகவில்லை. லோரா என்று ஒன்று உண்டு, கிலோமீட்டர் கணக்கில் போகும், விலையும் அதற்கேற்றபடி. முப்பது தப்படி வாசலைத் தாண்ட அது எதற்கு? கடைசியில் எல்லாவற்றிலும் மலிவான ஒன்றுக்கு வந்து நின்றேன். 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி. அனுப்ப ஒரு பொடித் தகடு, வாங்க ஒரு நீளத் தகடு, இரண்டும் சேர்ந்து கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் போட்டேன், நாலு நாளில் வந்தது. முதலில் மேசையிலேயே தகராறு செய்தது. பதினேழு சென்டிமீட்டர் ஒயரை வெட்டி ஆன்டெனாவாகப் பற்ற வைத்ததும் சுவராவது மண்ணாவது, ஜோராகப் போயிற்று. புரோகிராமைத் தமிழில் ஒருவர் சொல்லித்தரும் வீடியோவிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன்.

வெள்ளைப் பட்டனைக் கட்டில் சட்டத்தில் ஒட்டி, "அப்பா, இத அழுத்து, நான் வந்து நிப்பேன்" என்றேன். அழுத்தினார். என் வீட்டில் 'பீப்' என்றது. ஓடி வந்து நின்றேன். மறுபடி அழுத்தினார், மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை, "சும்மாதான்டா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! குவார்ட்டர்ஸாவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. வேலை முடிந்து வருகிறேன், கட்டிலில் என் வெள்ளைப் பட்டனுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டன். சிவப்பு. என்னுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது. தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு, "நானும் ஒன்னு செஞ்சேண்ணே. ஒங்கிட்டதான ஸ்கூல் படிக்கசொல்லோ சாலிடரிங் கத்துக்கினேன்" என்றான், பெருமையாக. எந்த மாட்யூல், எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் செய்ததை மதித்த மாதிரி ஆகிவிடுமே. "நல்லாருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து என் பஸ்ஸருக்குப் பேய் பிடித்துக்கொண்டது. பீப் பீப் பீப் என்று மூன்று முறை அடிக்கும். நான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினால் தம்பி ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அப்பா, "ஒன்னக் கூப்டலடா, சின்னவனத்தான் கூப்ட்டேன்" என்பார். இரண்டு தடவை இப்படி ஆன பிறகுதான் மூளை வேலை செய்தது. அவனும் அதே மலிவு ஜோடியைத்தான் வாங்கியிருக்கிறான். அந்தச் சாமானுக்கு ஆள் தெரியாது, விலாசம் தெரியாது. காற்றில் வருவதையெல்லாம் காதில் வாங்கும். இது இன்னாருக்கு என்று பிரிப்பது புரோகிராமில் நாம் போடுகிற எண்தான். நான் வீடியோவில் இருந்த எண்ணை மாற்றாமல் போட்டேன், அவனும் அதே வீடியோவிலிருந்து அதே எண்ணைப் போட்டிருக்கிறான். நான் சேதியை ஒரு முறை அனுப்பினேன், அவன் சாமர்த்தியசாலி, தவறிப்போகாமல் இருக்க மூன்று முறை அனுப்பியிருக்கிறான். ஒரே அப்பனுக்காக இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாயைத் திறக்காமல் செய்த வேலையின் லட்சணம் இது.

ஒரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும், ஐந்து நிமிஷ வேலை. நான் மாற்றவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அப்பா அவனை எத்தனை தடவை கூப்பிடுகிறார், எப்போது கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தெரிந்துகொண்டேன், நன்றாகவே தெரிந்துகொண்டேன். அவன் வீட்டில் இருக்கிற காலையில் பேப்பர் வந்ததும் மூன்று பீப். தம்பி படித்துக் காட்டுவான். ஃபர்ஸ்ட் ஷிப்ட் நாளில் அவன் வேலை முடித்து வந்ததும் மூன்று பீப். சுரங்கத்தில் யாருக்கு புரமோஷன், யாருக்கு மெமோ என்று கதை நடக்கும், அப்பா சிரிப்பது கதவு வழியாக என் வாசல் வரை தெரியும். சாயங்காலம் டீயோடு மூன்று பீப். எனக்கு எப்போது அடிக்கும்? வயிறு கலக்கினால் ஒரு பீப். வேட்டி நனைந்தால் ஒரு பீப். முதுகுப் புண்ணுக்கு மருந்து போட ஒரு பீப்.

"சிரிக்கறதுக்கு அவன், பீ அள்றதுக்கு நானா?" என்று ஒருநாள் மனைவியிடம் கத்திவிட்டேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "மெதுவா பேசுங்க, மாமா காதுல வுழுந்துடும்" என்றாள். விழட்டுமே என்றிருந்தது எனக்கு. அவருடைய மலச்சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது வேண்டுமென்றே டங்கென்று வைப்பேன். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

அலாட்மென்ட் ஆர்டர் வந்துவிட்டது. தம்பி அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவன் என் வீட்டுப் படி ஏறி மாசக்கணக்கு ஆகியிருக்கும். நான் அவனைப் பேச விடவில்லை.

"அழைச்சிக்கினு போ ராசா. மூணு பீப்பு ஒனக்குத்தான அடிக்கிறாரு. எல்லாம் எனக்கு இங்க கேட்டுகினுதான் இருக்கு."

அவன் ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, "ஒனக்கு மட்டுமா கேக்குது? ஒனக்கு அடிக்கிற ஒத்த பீப்பும் எனக்குக் கேக்குதுண்ணே" என்றான்.

இவ்வளவு கணக்குப் போட்ட எலக்ட்ரீஷியனுக்கு இது உறைக்கவே இல்லை. அவனுடையது என் காதில் விழுந்தால் என்னுடையது அவன் காதில் விழத்தானே செய்யும்!

"போன புதன்கெழம எனக்கு வீக்லி ஆஃப். அண்ணியும் குறிஞ்சிப்பாடி போயிருந்தாங்க. மூணு மணிக்கு ஒத்த பீப் அடிச்சிது. நீ இன்னும் வரலன்னு நான் ஓடுனேன். வேட்டியெல்லாம் நனஞ்சி கெடக்கறாரு. கிட்ட போனா கைய தட்டி வுடறாரு. 'நீ போடா, பெரியவன் வரட்டும்'ங்கறாரு. நான் கெஞ்சுறேன், கால புடிக்கறேன். மூஞ்ச பொதச்சிக்கினு படுத்துட்டாரு. ரெண்டர மணி நேரம்ணே. நான் வாசப்படியில உக்காந்துகினு இருந்தேன். ஒன் வண்டி சத்தம் கேட்டப்பறம்தான் எழுந்து வூட்டுக்குப் போனேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "பேப்பர் படிக்க நான், ஊர்க்கத பேச நான். வந்த விருந்தாளிகிட்ட பேசற மாதிரிதான என்கிட்ட பேசறாரு? அவரு ஒடம்ப நீ ஒருத்தன்தான் தொடலாமா? நான் அவருக்குப் பொறக்கலயா? குவார்ட்டர்ஸுக்குப் போனா அங்க நீ இருக்க மாட்ட. அப்ப என்னைத்தான கூப்டணும்? அதுக்குத்தான்ணே கேட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்தது. அவ்வளவு பெரிய ஆள் என் முன்னால் அழுகிறான், எனக்கு ஐஸ் வைத்த மாதிரி இருக்கிறது. வேலை கிடைத்தவனுக்கு, மாடி கட்டியவனுக்கு, கிடைக்காத ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது.

அந்தக் குளிர்ச்சி ரொம்ப நேரம் நிற்கவில்லை. அந்தப் புதன்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கு அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட், இரண்டரைக்கெல்லாம் வீடு வந்திருக்க வேண்டியவன். 'அருமைப் பிள்ளைக்கு இன்று ஆஃப், அவனையே கூப்பிட்டுக்கொள்ளட்டும்' என்று வண்டியை வடலூருக்கு விட்டேன். அங்கே ஒரு டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு வந்து வேட்டி மாற்றியபோது, "இவ்ளோ நேரம் என்னா பண்ணிகினு இருந்தான் ஒம் புள்ள?" என்று கேட்டேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

இதைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. "சரி, அழைச்சிக்கினு போ" என்று மட்டும் சொன்னேன். அப்பாவிடமும் நானே போய்ச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து, "நீயே சொல்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டவுன்ஷிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நேற்று தம்பி போன் செய்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணே, அப்பா இப்ப என்கிட்ட கூச்சப்படறதில்லண்ணே. எல்லாம் நான்தான் செய்யறேன். காலையில அவரே கூப்ட்டாருண்ணே."

"நல்லதுடா" என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு அப்படி எரிந்தது.